வில்லை நம்பாத கார்கள் - ஒரு சஸ்பென்ஷன் சரித்திரம்

2001-ல மெர்சிடஸ் பென்ஸ் ஒரு எஸ்.எல். காரை வெளியிட்டது. கம்பெனிக்குள்ள அதுக்குப் பேரு ஆர்230. ரெண்டே சீட்டு. பொத்தானை அமுக்கினா உலோகக் கூரை 16 நொடியில மடங்கி டிக்கிக்குள்ள போயிடும். அமெரிக்காவுல எஸ்.எல். 500 விலை 80 ஆயிரம் டாலருக்கு மேல. இன்னிக்கு அதே வண்டி, பளபளன்னு, அம்பதாயிரம் மைல்கூட ஓடாத நிலையில, ஒரு புது டொயோட்டா கொரோல்லா விலைக்கும் கீழே கிடைக்குது.

ஏன்? பழசாயிடுச்சுங்கறது பாதி பதில்தான். மீதி பதில் மூணே எழுத்து: ஏபிசி. ஆக்டிவ் பாடி கன்ட்ரோல். இந்த மூணு எழுத்துக்குப் பின்னாடி ஒரு அம்பது வருஷக் கதை இருக்கு. அந்தக் கதை தெரிஞ்சாதான் "வாங்கலாமா, வேண்டாமா" என்ற கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்ல முடியும். அதனால இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீ, காபி எதாச்சும் எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்ப்போம்

டவுன் பஸ்ல கடைசி சீட்டுல உட்கார்ந்தவங்களுக்கு சஸ்பென்ஷன் பத்தி பாடம் எடுக்கத் தேவையில்லை. ஸ்பிரிங் விறைப்பா இருந்தா ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்புக்கு வந்து சேரும். சரி, மெத்துன்னு வைப்போம்னா, வளைவுல வண்டி ஒரு பக்கமா சாயும், பிரேக் போட்டா மூக்கைக் குத்தும். சொகுசும் பிடிமானமும் மாமியார் மருமகள் மாதிரி. ஒருத்தரைத் திருப்திப்படுத்தினா இன்னொருத்தர் முகம் தூக்கிக்குவாங்க. காரணம் ரொம்ப எளிது. எஃகு ஸ்பிரிங்குக்கு மூளை கிடையாது. கீழே இருக்கறது பள்ளமா வளைவான்னு அதுக்குத் தெரியாது.

அந்த ஸ்பிரிங்குக்கு மூளை வைக்கிற முயற்சிதான் இந்த சரித்திரம் முழுக்க.

பிரான்ஸ், 1955

முதல் பெரிய அடி எடுத்து வெச்சது சிட்ரோயன். ஆள் பெயர் பால் மாஜெஸ். சின்ன வயசுலயே சிட்ரோயன்ல வேலைக்குச் சேர்ந்தவர், முறையா எஞ்சினியரிங் படிக்காதவர். (பட்டம் வாங்கின நாம எக்செல் ஷீட்டுக்குக் கலர் அடிச்சிக்கிட்டு இருக்கோம். சரி விடுங்க.) அவர் யோசனை இதுதான்: எஃகுச் சுருளை எடுத்துடு. அதுக்குப் பதிலா சக்கரத்துக்கு ஒரு இரும்பு உருண்டை. உருண்டைக்குள்ள ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, இன்னொரு பக்கம் அழுத்தத்துல இருக்கிற எண்ணெய். வாயுதான் ஸ்பிரிங். எண்ணெய் அதுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல தூது போகும். எண்ணெயைக் கூட்டிக் குறைச்சு வண்டியோட உயரத்தையும் மாத்திக்கலாம்.

1954-ல டிராக்ஷன் அவான்ட் காரோட பின்சக்கரத்துல மட்டும் வெச்சுப் பார்த்தாங்க. 1955 அக்டோபர்ல பாரிஸ் கண்காட்சியில டிஎஸ் வந்தது. டிஎஸ்ஸை பிரெஞ்சு உச்சரிப்புல சொன்னா தேவதைன்னு அர்த்தம் வரும். முதல் நாளே 12 ஆயிரம் ஆர்டர்னு இன்னிக்கும் பெருமையா சொல்லுவாங்க. 1962 ஆகஸ்ட்ல அதிபர் சார்ல் தெ கோல் மேல துப்பாக்கிச் சூடு நடந்தப்போ, டயர் கிழிஞ்ச பிறகும் அந்த டிஎஸ் நிலை தடுமாறாம அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆனா தேவதைக்கும் ரத்த அழுத்தப் பிரச்சினை இருந்தது. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங், கியர் எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய் மண்டலம். ஆரம்பத்துல போட்ட எண்ணெய் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சி உள்ளே துரு ஏத்திச்சு. பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்கு இந்த வண்டியைப் பார்த்தாலே கை நடுங்குச்சு. 1960-களோட நடுவுல பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினாங்க. அதுக்கப்புறம் கதையே மாறிப்போச்சு. உருண்டையில வாயு குறைஞ்சா கழட்டி வேற மாட்டறது, டயர் மாத்தற மாதிரி சாதாரண வேலை ஆயிடுச்சு. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ஒண்ணு சொல்லணும். டிஎஸ்ல இருந்தது முழு 'ஆக்டிவ்' சஸ்பென்ஷன் கிடையாது. உயரத்தைச் சரி பண்ணும், ஆனா வளைவுல சாயறதை எதிர்த்துத் தள்ளாது. அதுக்கு கம்ப்யூட்டர் வரணும்.

பந்தயத் தளத்துக்குப் போன எண்ணெய்

கம்ப்யூட்டர் வந்தது 1980-கள்ல. இங்கிலாந்தோட லோட்டஸ் அணி 1983-லயே ஃபார்முலா 1-ல இதைச் சோதிச்சுப் பார்த்தது. 1987-ல லோட்டஸ் 99டி காரில் ஐர்டன் சென்னா மொனாக்கோவுல ஜெயிச்சார். ஆக்டிவ் சஸ்பென்ஷன் கார் ஜெயிச்ச முதல் ஃபார்முலா 1 பந்தயம் அதுதான். அடுத்து டெட்ராய்ட்லயும் ஜெயிச்சார்.

இங்கே ஒரு திருப்பம். வில்லியம்ஸ் அணியும் இதே வித்தையைக் கையில எடுத்தது. 1988-ல அது அவங்களைப் படுத்தி எடுத்துடுச்சு. நைஜல் மான்செல் அந்த வருஷத்தோட முதல் 7 பந்தயத்துல ஒண்ணைக்கூட முடிக்கலை (எல்லாத்துக்கும் சஸ்பென்ஷன் காரணம் இல்லை, எஞ்சினும் கால வாரிச்சு). சில்வர்ஸ்டோன் பந்தயத்துக்கு வந்த இடத்துல தொழில்நுட்பத் தலைவர் பேட்ரிக் ஹெட் பொறுத்தது போதும்னு அந்த வார இறுதியிலேயே எண்ணெய் மண்டலத்தைத் தூக்கிட்டு சாதாரண ஸ்பிரிங் போட்டார். மழையில மான்செல் ரெண்டாவதா வந்தார்!

நம்ம பாஷையில சொன்னா, புரொடக்ஷன்ல பிரச்சினை, பழைய வெர்ஷனுக்கு ரோல்பேக், சிஸ்டம் ஓடுது.

ஆனா வில்லியம்ஸ் அதோட விடலை. உள்ளே உட்கார்ந்து சரி பண்ணிக்கிட்டே இருந்தாங்க. 1992-ல எஃப்டபிள்யூ14பி வந்தது. அந்த வருஷம் மான்செல் 9 பந்தயம் ஜெயிச்சு உலக சாம்பியன் ஆனார். பந்தயத்துல இதோட பெரிய லாபம் சொகுசு இல்லை. கார் எப்பவும் தரையில இருந்து ஒரே உயரத்துல இருந்தா காத்து அதைக் கீழே அழுத்தற விசை மாறாது. 1993-லயும் பட்டம் வில்லியம்ஸுக்குத்தான். 1994-ல இருந்து ஆக்டிவ் சஸ்பென்ஷனுக்குத் தடை.

கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பந்தயக் கார் ரெண்டு மணி நேரம் ஓடினா போதும். அதுக்கப்புறம் ஒரு படையே வந்து கழட்டி மாட்டிடும். 20 வருஷம் ஓடணும்னு அதை யாரும் டிசைன் பண்ணலை.

ரோட்டுக்கு வந்த கதை

இதே காலத்துல ஜப்பான்காரங்களும் சும்மா இல்லை. நிசானின் இன்ஃபினிட்டி க்யூ45-லயும், 1991 டொயோட்டா சோரரின் ஒரு உயர்வகையிலயும் எண்ணெயால இயங்கற ஆக்டிவ் சஸ்பென்ஷன் வந்தது. விலை ஜாஸ்தி, எடை ஜாஸ்தி. ரெண்டுமே பரவலா ஓடலை.

மெர்சிடஸ் 1991-ல சி112 என்ற மாதிரிக் காரில் காட்டினதை 1999-ல சி.எல். காரில் ஏபிசி என்ற பெயரோட விற்பனைக்குக் கொண்டுவந்தது. பந்தயத்துல தடை பண்ணி அஞ்சு வருஷம் கழிச்சு! 2001-ல நம்ம எஸ்.எல்.

ஏபிசி எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்றேன். ஒவ்வொரு சக்கரத்துலயும் சாதாரண சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருக்கு. ஆனா அந்த ஸ்பிரிங் உட்கார்ற இடம் நிலையானது இல்லை. அங்கே ஒரு எண்ணெய் சிலிண்டர். எஞ்சின் சுத்தற பம்ப் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்துல எண்ணெயை அனுப்பும். உங்க கார் டயர்ல இருக்கற அழுத்தத்தை விட இது 80, 90 மடங்கு. சென்சார்கள் சாய்வைச் சொல்ல, கம்ப்யூட்டர் வால்வைத் திறக்க, சிலிண்டர் ஸ்பிரிங்கை மேலேயோ கீழேயோ தள்ளும். இடது பக்கம் திரும்பினா வலது பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். நொடிக்கு 5 அசைவு வரைக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக்கும், அதை விட வேகமான நடுக்கமெல்லாம் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் பொறுப்பு.

வேலை பிரமாதமா நடந்ததால வழக்கமா ரெண்டு சக்கரத்தையும் இணைக்கற ஆன்டி ரோல் பார் என்ற இரும்புக் கம்பியையே எடுத்துட்டாங்க. இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

எங்கே உடையுது?

நெட்ல தேடினா "ஏபிசி என்றாலே தலைவலி"ன்னு ஒரு கூட்டமும், "பதினஞ்சு வருஷமா ஓட்டறேன், சொர்க்கம்"னு ஒரு கூட்டமும் இருக்கும். ரெண்டு பேரும் பொய் சொல்லலை. எது உடையுதுன்னு பார்த்தா இது புரியும்.

அக்யூமுலேட்டர்னு சில உருண்டைகள் இருக்கு. மாஜெஸோட அதே உருண்டைதான்: நைட்ரஜன், சவ்வு, எண்ணெய். பம்பிலிருந்து வர்ற துடிப்பை உள்வாங்கறது ஒண்ணு, முன்னாடியும் பின்னாடியும் அழுத்தத்தைச் சேமிச்சு வைக்கறது மத்தது. வருஷம் ஆக ஆக நைட்ரஜன் சவ்வு வழியா கசியும், அல்லது சவ்வே கிழியும். அப்போ துடிப்பை உள்வாங்க ஆள் இல்லை. அந்த அடி நேரா ஹோஸ் பைப்புக்குப் போகும். ஹோஸ் வெடிச்சா எண்ணெய் வெளியே. எண்ணெய் இல்லாம பம்ப் ஓடினா பம்ப் காலி. அந்த பம்புக்குள்ளதான் பவர் ஸ்டியரிங்கோட பம்ப் பகுதியும் சேர்ந்தே இருக்கு. ஒரு சின்ன ரப்பர் சவ்வு, கடைசியில பெரிய பில். ஒரு எக்செப்ஷனைப் பிடிக்காம விட்டா மொத்த சர்வரும் படுக்கற மாதிரி.

இன்னொண்ணு வால்வு பிளாக். வண்டியை நிறுத்தினதும் எண்ணெய் திரும்பி ஓடிடாம பூட்டிப் பிடிக்க வேண்டியது இதோட வேலை. உள்ளே ரப்பர் வளையம் தேய்ஞ்சாலோ அழுக்கு சிக்கினாலோ ராத்திரி நிறுத்தின வண்டி காலையில ஒரு மூலை படுத்த மாடு மாதிரி கிடக்கும். அழுக்கு எங்கே இருந்து வருது? மாத்தாத எண்ணெயில இருந்து. அதனாலதான் நல்ல மெக்கானிக்குகள் எண்ணெயும் ஃபில்டரும் மாத்திட்டு, டயக்னாஸ்டிக் கம்ப்யூட்டரை மாட்டி வண்டியை நாலு சக்கரத்துலயும் மேலும் கீழும் குதிக்க விடுவாங்க. மூலை முடுக்குல இருக்கற பழைய எண்ணெய் வெளியே வரத்தான். இதுக்கு அவங்க வெச்ச பேரு 'ரோடியோ'. முரட்டுக் குதிரை சவாரி!

இப்போ முக்கியமான விஷயம். இந்தப் பழுது எல்லாம் மைலைப் பார்த்து வர்றது இல்லை, வருஷத்தைப் பார்த்து வர்றது. நைட்ரஜன் கசியறதுக்கு வண்டி ஓடணும்னு அவசியமே இல்லை. கராஜ்ல துணி போட்டு மூடி வெச்சாலும் கசியும். சும்மா நின்னா ரப்பர் சீல் இன்னும் மோசமாகும். "ஒரே ஓனர், முப்பதாயிரம் மைல்தான் ஓடிருக்கு"ன்னு விக்கறவர் சொல்றது மத்த காருக்குப் பெருமை. இங்கே அது எச்சரிக்கை.

வாங்கறவங்க என்ன பார்க்கணும்?

என் கல்லூரி நண்பன் ஒருத்தன் அமெரிக்காவுல இருக்கான். பத்து வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு, 2003 எஸ்.எல். 500 மேல கண்ணு. வண்டி விலை கொடுத்த பிறகு கையில ஒண்ணும் மிஞ்சாது. அவனுக்கு எழுதி அனுப்பினதையே இங்கேயும் போடறேன்.

1. போறதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிடு. ராத்திரி நின்ன வண்டி நாலு மூலையிலயும் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாரு. ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தா வால்வு பிளாக்கையோ அந்த ஸ்ட்ரட்டையோ சந்தேகப்படு.

2. ஸ்டார்ட் பண்ணினதும் உயர்த்தற பொத்தானை அமுக்கு. நாலு பக்கமும் தயங்காம ஏறணும். டேஷ்போர்டுல வர்ற வார்த்தையைக் கவனி. "ஒர்க்ஷாப் போ"ன்னு வெள்ளையில வந்தா சின்ன விஷயமா இருக்கலாம். சிவப்புல "நில், வண்டி ரொம்பத் தாழ்ந்திருக்கு"ன்னு வந்தா அங்கேயே டாக்ஸி கூப்பிடு.

3. எண்ணெயைப் பாரு. இதுவும் பச்சைதான். தெளிஞ்ச பச்சை நல்லது. கறுப்பு டிகாக்ஷனா இருந்தா அந்த வண்டியை யாரும் கவனிக்கலைன்னு அர்த்தம்.

4. வேகத்தடை மேல ஓட்டு. கட்டை வண்டி மாதிரி தூக்கிப் போட்டா அக்யூமுலேட்டர்ல வாயு இல்லை.

5. ரசீது கேளு. எண்ணெய், ஃபில்டர் எப்போ மாத்தினாங்க, அக்யூமுலேட்டர் மாத்தினாங்களா? வாய் வார்த்தை செல்லாது.

6. இந்த வண்டி தெரிஞ்ச தனி மெக்கானிக்கிட்ட காசு கொடுத்து அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லு. 200 பாரை ஒட்டி அசையாம நிக்கணும். மேலயும் கீழயும் ஆடினா ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

7. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதே. அழுத்தம் போனா வண்டி இறங்கும். கெட்டியான ஸ்டாண்ட் இல்லாம தலையை உள்ளே விடாதே.

இன்னொரு வகை வண்டியும் சந்தையில வரும். ஏபிசியைக் கழட்டிட்டு சாதாரண ஸ்பிரிங் போட்ட வண்டி. 1988-ல பேட்ரிக் ஹெட் செஞ்சதுதானே, நல்லதுதானேன்னு தோணும். ஆனா ஆன்டி ரோல் பார் ஞாபகம் இருக்கா? அதை எடுத்துட்டாங்களே! வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினா வளைவுல சாயறதைத் தடுக்க ஆள் இல்லை. ஓடும், ஆனா அது எஸ்.எல். இல்லை. ஐரோப்பாவுல எஸ்.எல். 350 கம்பெனியிலிருந்தே எஃகு ஸ்பிரிங்கோட கிடைச்சது, அங்கே இருக்கறவங்க அதைத் தேடலாம். அமெரிக்காவுல அந்த மாடல் விக்கலை.

என் கருத்து

ஏபிசி மோசமான டிசைன்னு என்னால சொல்ல முடியலை. மோசமா இருந்தது கணக்கு. அது எழுதப்பட்டது முதல் ஓனருக்காக. அவர் நாலு வருஷம் ஓட்டுவார், வாரண்டி இருக்கும், அப்புறம் வித்துடுவார். சவ்வு கிழியறப்போ வண்டி மூணாவது கையில இருக்கும். சொகுசை அனுபவிச்சவர் ஒருத்தர், பில் கட்டறவர் வேறொருத்தர். சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது நல்லாவே புரியும். அவசரமா எழுதினவன் பிரமோஷன் வாங்கிட்டுப் போயிடுவான், ராத்திரி ரெண்டு மணிக்கு சப்போர்ட் கால் எடுக்கறது வேற ஒருத்தன்.

சிட்ரோயன்ல என்ன நடந்தது? உருண்டை தேயும்னு எல்லாருக்கும் தெரியும், கழட்டறது சுலபம், ஊர் மெக்கானிக்குக்கும் பழக்கம். அதனால அது பழுது இல்லை, பராமரிப்பு. அதே உருண்டை ஏபிசியில தேய்ஞ்சா அதிர்ச்சி. கைக்குக் கை மாறி வர்ற வண்டியில அது தேயற பொருள்னு வாங்கறவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒண்ணு, நடுவுல இருக்கற வித்தியாசம் அந்தத் தகவல் மட்டும்தான்.

அதனால என் பதில் இதுதான்: வண்டி விலையை மட்டும் பார்த்து வாங்கறவங்க இதை வாங்கக் கூடாது. உருண்டை, ஹோஸ், எண்ணெய் எல்லாத்தையும் முதல் வருஷத்துலயே மாத்தறதுக்குத் தனியா பணம் ஒதுக்கி வெச்சுட்டு, பக்கத்துல தெரிஞ்ச மெக்கானிக்கும் இருந்தா தாராளமா வாங்கலாம். 80 ஆயிரம் டாலர் காரை எவ்வளவு கம்மியா வாங்கினாலும் அதோட ரிப்பேர் 80 ஆயிரம் டாலர் காரோட ரிப்பேர்தான்.

கதை இன்னும் முடியலை. 2013 எஸ் கிளாஸ்ல கேமரா வெச்சு முன்னாடி வர்ற பள்ளத்தைப் பார்த்து ஏபிசியைத் தயார் பண்ணினாங்க. 2018-ல வந்த ஜி.எல்.இ.-யில எஞ்சின் பம்ப் போய், சக்கரத்துக்குச் சக்கரம் 48 வோல்ட் மோட்டாரும் பம்பும். நீளமான ஹோஸ் குறைஞ்சது, எலக்ட்ரானிக்ஸ் ஏறினது. அந்த வண்டிகளும் மூணாவது கைக்கு வரும். 2040-ல யாரோ ஒருத்தர் "இவ்வளவு கம்மி விலையா!"ன்னு வாயைப் பிளந்துக்கிட்டு நிப்பார். அவருக்கு முதல் ஓனர் சர்வீஸ் ரசீதுகளைப் பத்திரமா வெச்சிருந்தா, அதுவே பெரிய புண்ணியம்.

கொசுறு: 1980-ல போஸ் (ஆமாங்க, ஸ்பீக்கர் கம்பெனிதான்) எண்ணெயே இல்லாம மின்காந்த மோட்டார்ல ஆக்டிவ் சஸ்பென்ஷன் ஆராய்ச்சி ஆரம்பிச்சது. 2004-ல ஒரு லெக்சஸ் காரில் மாட்டிக் காட்டினாங்க. ஸ்பீக்கருக்குள்ள காகிதத்தைத் தள்ளற அதே தத்துவம், இங்கே காரைத் தள்ளுது. வண்டி கட்டையைத் தாண்டிக் குதிச்சது. எடையும் விலையும் தாங்காம விற்பனைக்கு மட்டும் வரவே இல்லை.